குதிரைக்குட்டியை வளர்த்து பழக்கறது: எதுக்கு அப்புறம் எது, ஏன்

தாய்கிட்ட பால் குடிக்கறதை நிறுத்தின குட்டி, அதாவது சுமார் 6 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் இருக்கற குதிரைக்காக இதை எழுதறேன். புதுசா குட்டி வளர்க்கறவங்க பக்கத்துல நிறைய நாள் நின்னு பாத்துருக்கேன், பெரும்பாலும் எல்லாருக்கும் பாசமும் இருக்கு உழைப்பும் இருக்கு, வரிசைதான் மாறிப்போகுது. தொட விடாத குட்டிக்கு ஹால்டர் (பிடிச்சு நடத்த தலையில மாட்டற பட்டை) மாட்டப் பாக்கறாங்க, கூட நடக்கத் தெரியாததை கம்பத்துல கட்டறாங்க, காலே தூக்கித் தராததுக்கு குளம்பு வெட்ட ஆள் வர சொல்லிடறாங்க. அதனால நம்பர் போட்டே எழுதறேன். ஒண்ணு நல்லா வந்தப்புறம் அடுத்ததுக்குப் போங்க.

1. குட்டி வர்றதுக்கு முன்னாடி தயார் பண்ண வேண்டியது

முதல்ல துணை. இன்னொரு குதிரை கண்டிப்பா வேணும், முடிஞ்சா அதே வயசுல ஒண்ணும் நிதானமான பெரிய குதிரை ஒண்ணும். தனியா விட்ட குட்டி வேலி ஓரமா நடந்து நடந்தே இளைச்சுப்போகும், அதைவிட முக்கியம், விளையாட குதிரை இல்லன்னா அது உங்ககிட்ட விளையாடும், குதிரைங்க விளையாடறதுன்னா கடிக்கறது, உதைக்கறது, முன்னங்காலை தூக்கி மேல போடறது. மரியாதை எது வரைக்கும்னு பெரிய குதிரை சொல்லித்தர்ற மாதிரி நம்மளால சொல்லித்தர முடியாது.

வேலில முள்கம்பி வேண்டாம். பயந்து ஓடற குட்டிக்கு மெல்லிசு கம்பி கண்ணுக்கே தெரியாது. குளம்பு நுழைஞ்சு மாட்டிக்கற அளவு இடுக்கும் இருக்கக்கூடாது.

லாயத்துல ஒரு குதிரைக்கு சுமார் 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் இடம் விடுவாங்க. குட்டி பெரிய குதிரையைவிட அதிகமா படுக்கும், மூக்கு தரையை ஒட்டி இருக்கும், மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா நெடியும் தரைகிட்டதான் அதிகம். நின்னு மோந்து பாத்து பரவால்லன்னு முடிவு பண்ணாதீங்க, முட்டி போட்டு குனிஞ்சு மோந்து பாருங்க, உங்க கண்ணு எரிஞ்சா அதோட நுரையீரலும் எரியுது.

குதிரை பாக்கத் தெரிஞ்ச கால்நடை டாக்டர் ஒருத்தர், குளம்பு வெட்டறவர் ஒருத்தர், ரெண்டு பேரோட நம்பரும் குட்டி வர்றதுக்கு முன்னாடியே கையில இருக்கணும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டாச்சான்னு விக்கறவங்ககிட்ட எழுத்துல வாங்கிக்கங்க, குதிரைக்கு டெட்டனஸ் சுலபமா வரும், ஒரு சின்ன ஆணி குத்தினாலே போதும். குடல்புழு மருந்தை நீங்களா குடுக்காதீங்க, குட்டிங்களுக்கு உருண்டைப்புழு அதிகமா இருக்கும், எல்லாம் ஒரே நேரத்துல செத்தா குடல்ல அடைச்சுக்கும், லத்தியை டெஸ்ட் பண்ணி எந்த மருந்து எவ்வளவுன்னு டாக்டர் சொல்லட்டும்.

சாமான்னு பாத்தா அளவு மாத்தக்கூடிய ஹால்டர், 3 மீட்டர் பருத்திக் கயிறு, குளம்பு சுத்தம் பண்ற கொக்கி, ரப்பர் பிரஷ், தெர்மாமீட்டர், நெஞ்சை சுத்தி அளந்து எடை பாக்கற டேப். உங்களுக்கு கிளவுஸ், ஹெல்மெட், மூடின ஷூ. தரையில நின்னு வேலை பாக்கறப்பவும் ஹெல்மெட் போடுங்க, குட்டியோட பின்னங்கால் நம்ம தலை உயரத்துக்கு வரும்.

ஆண் குட்டின்னா இன்னொண்ணு. ஒரு வயசு தாண்டினாலே பெண் குதிரையை சினையாக்கற வாய்ப்பு உண்டு. பிரிச்சு வைக்க இடம் இருக்கா, காயடிக்கறது எப்போன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

2. முதல் வாரம்: பாருங்க, எழுதி வைங்க

இந்த வாரம் பயிற்சியே கிடையாது. பழைய இடத்துல என்ன சாப்பிட்டுச்சோ அதே தீவனம், மாத்தணும்னா 7 முதல் 10 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா. குடல்ல இருக்கற நுண்ணுயிரிங்கதான் புல்லை செரிக்க வைக்குது, திடீர்னு மாத்தினா அதுங்க செத்து வயித்துவலில போய் நிக்கும்.

ஒரு நோட்டு போடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை லத்தி போடுது (8 முதல் 12 தடவை சாதாரணம்), எவ்வளவு தண்ணி குடிக்குது, சும்மா நிக்கறப்ப விலா ஏறி இறங்கறதை வெச்சு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. வளர்ந்த குதிரைக்கு 8 முதல் 16 மூச்சு, நாடி 28 முதல் 44, சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், குட்டிங்களுக்கு இது எல்லாமே கொஞ்சம் கூடவே இருக்கும். அதனாலதான் உங்க குட்டியோட சொந்தக் கணக்கு வேணும்னு சொல்றேன்.

நாடியும் சூடும் இப்பவே பாக்கப் போகாதீங்க, அது தொட விடறதுக்கு அப்புறம். முதல் வாரத்துல ஒருத்தர் தெர்மாமீட்டரை ஆசனவாய்ல வைக்க பின்னாடி போய் நின்னார், குட்டி மிரண்டு சுவத்துல மோதிச்சு, அடுத்த ரெண்டு மாசம் அது யாரையும் பின்பக்கம் வரவே விடல. ஒரு எண்ணுக்காக ரெண்டு மாசம் போச்சு.

3. ஒரு நாளோட வரிசை

காலையில தீவன வாளியை எடுக்கறதுக்கு முன்னாடி தூரத்துல நின்னு ஒரு நிமிஷம் பாருங்க. வாளி சத்தம் கேட்டா வலி இருக்கற குதிரைகூட தலையை தூக்கும், உண்மையான நிலை தெரியாமப் போயிடும். ராத்திரி வெச்ச புல் முடிஞ்சுதா, லத்தி இருக்கா, நாலு கால்லயும் எடை சமமா வெச்சு நிக்குதா, இதைப் பாருங்க.

அடுத்து தண்ணி. வாளியை தினமும் தேய்ச்சுக் கழுவுங்க, பாசி வாடை வந்தா குதிரை குடிக்கறதை குறைச்சுக்கும், நமக்கு தெரியவே தெரியாது, தெரியறப்ப குடல்ல லத்தி கெட்டியாகி அடைச்சிருக்கும். 500 கிலோ குதிரை சும்மா இருந்தாலே நாளைக்கு 25 லிட்டருக்கு மேல குடிக்கும், வெயில் காலத்துல இன்னும் அதிகம்.

அப்புறம் காய்ஞ்ச புல், அதுக்கு அப்புறம்தான் தானியம். பசியோட தானியத்துல வாயை வெச்சா மெல்லாம முழுங்கும்.

அது சாப்பிடறப்ப லாயத்தை கூட்டுங்க, பிறகு கால், குளம்பு பாத்துட்டு மேய விடுங்க. எத்தனை மணி நேரம் வெளிய விட முடியுமோ அவ்வளவு நல்லது, எலும்பும் தசைநாரும் ஓடி விளையாடித்தான் கெட்டிப்படும், நாள் முழுக்க லாயத்துல நின்ன குட்டிக்கு எந்த தீவனமும் அதை ஈடு பண்ணாது. பயிற்சி மேய்ஞ்சு வந்தப்புறம். உடம்புல தேங்கின துடிப்போட லாயத்துல இருந்து நேரா கொண்டு வந்தா அது துள்ளும், நீங்க அதட்டுவீங்க, அன்னைக்கு பாடமே அதட்டல்தான்.

சாயங்காலம் திரும்ப கால், குளம்பு, தண்ணி, புல். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாருங்க.

4. தீவனம்: இங்கதான் நல்ல மனசுக்காரங்க தப்பு பண்றாங்க

குதிரையோட இரைப்பை உடம்புக்கு ரொம்ப சின்னது, அமிலம் மட்டும் இருபத்திநாலு மணி நேரமும் சுரந்துக்கிட்டே இருக்கும். அதனால புல் நாள் முழுக்க வாயில இருக்கணும், மணிக்கணக்கா காலியா விட்டா புண்ணாகும். வளர்ற குட்டிக்கு எடையில 2 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல உலர்ந்த தீவனம்னு கணக்கு வைங்க, 250 கிலோ குட்டிக்கு சுமார் 5 முதல் 6 கிலோ, அதுல பெரும்பங்கு புல்லாத்தான் இருக்கணும்.

குட்டி சீக்கிரம் பெருசாகட்டும்னு தானியத்தை அள்ளிப் போடறதுதான் நான் அதிகமா பாக்கற தப்பு. எலும்பு தாங்கறதைவிட வேகமா எடை ஏறினா முன்னங்கால் முட்டிக்கு மேல வீங்கும், மூட்டுல குருத்தெலும்பு சரியா எலும்பாகாம போகும், அது அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல். கையை விலாவுல வெச்சா எலும்பு தட்டுப்படணும், கண்ணுக்கு துருத்திக்கிட்டு தெரியக்கூடாது, அந்த அளவு போதும். மாசம் ஒரு தடவை டேப் வெச்சு எழுதுங்க, தினமும் பாக்கற கண்ணுக்கு மாத்தம் தெரியாது.

தவிடு இன்னொரு விஷயம். தவிட்டுல பாஸ்பரஸ் ரொம்ப அதிகம், கால்சியம் குறைவு. குதிரைக்கு கால்சியம் பாஸ்பரஸைவிட குறையவே கூடாது, ஒண்ணுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் இருக்கணும். தவிட்டையே முக்கியத் தீவனமா போட்டா உடம்பு எலும்புல இருந்து கால்சியத்தை உருவி எடுக்கும், முகத்து எலும்பு வீங்கறது வரைக்கும் போகும்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் குடுக்கவே குடுக்காதீங்க. அதுல சிலதுல மோனென்சின் மாதிரி மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, குதிரைக்கு கொஞ்சம் போனாலும் இதயத் தசை கெட்டு செத்துப்போகலாம். ஒரே இடத்துல மாடும் குதிரையும் வெச்சிருக்கவங்க மூட்டையை தனி ரூம்ல பூட்டி வைங்க.

5. டாக்டரை உடனே கூப்பிட வேண்டிய நேரம்

தீவனத்தை தொடல, காலால தரையை பறிக்குது, திரும்பித் திரும்பி வயித்தைப் பாக்குது, படுத்து எழுந்து உருளுது, லத்தி போடல. இதுல ரெண்டு சேந்து வந்தாலே வயித்துவலின்னு எடுத்துக்கங்க. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ள அழுத்தம் கூடினா இரைப்பை கிழியற வரைக்கும் போகும், காலையில பாத்துக்கலாம்னு விடற நோய் இல்ல இது.

டாக்டர் வர்ற வரைக்கும் தீவனத்தை எடுத்துடுங்க, வேகமா உருண்டா மட்டும் மெதுவா நடத்துங்க. வாய் வழியா எண்ணெய் ஊத்தற வேலை வேண்டவே வேண்டாம், அது மூச்சுக்குழாய்ல போய் நுரையீரல் கெட்டு செத்த குட்டியைப் பாத்துருக்கேன், வயித்துவலி ஒருவேளை சரியாகியிருக்கும், ஊத்தின எண்ணெய்தான் கொன்னுச்சு.

6. தொட விடறது

இனிமே பயிற்சி. இங்க ஒரு விஷயத்தை புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாமே இதோட நீட்சிதான்: நீங்க அழுத்தம் குடுக்கறப்ப குட்டி கத்துக்கறது இல்ல, அந்த அழுத்தத்தை விடற நொடியிலதான் கத்துக்குது. விடறப்ப அது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சோ அதுதான் சரின்னு பதிஞ்சுடும். அழுத்தம்னா கயிறை இழுக்கறது மட்டும்னு நினைக்காதீங்க, நீங்க பக்கத்துல வர்றதே அதுக்கு அழுத்தம்தான்.

குட்டியோட நேர் முன்னாடி நெத்திக்குக் கீழயும் நேர் பின்னாடியும் அதுக்கு கண்ணு தெரியாது. அதனால பக்கவாட்டுல, தோளைப் பாத்து, கொஞ்சம் வளைஞ்சு வாங்க. முகத்துல கை வைக்கணும்னுதான் எல்லாருக்கும் ஆசை வரும், அதை விட்டுடுங்க. முதல் தொடுதல் தோள், அப்புறம் பிடரி முடியற மேட்டுல சொறிஞ்சு விடுங்க, குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு அங்கதான் சொறிஞ்சு விடும்.

நீங்க வர்றப்ப அது காதை திருப்பி எடையை பின்னாடி சாய்ச்சா அங்கயே நின்னுடுங்க. நிதானமா நின்னுச்சுன்னா நீங்க ரெண்டு அடி பின்னாடி போங்க. தொட்டப்புறமும் அப்படித்தான், அது நகர்றதுக்கு முன்னாடி கையை எடுங்க. நகர்ந்தப்புறம் எடுத்தா நகர்ந்தா கை போயிடும்னு கத்துக்கும், நூறு பேர்ல தொண்ணூறு பேர் தெரியாம சொல்லித்தர்றது இதைத்தான். மூணு விநாடி தொட்டு எடுக்கறது, அஞ்சு விநாடி, பத்து விநாடி, அப்படியே கழுத்து, முதுகு, வயிறு, கால், கடைசியா காது, முகம். ரெண்டு பக்கமும் தனித்தனியா செய்யணும், இடது பக்கம் பழகின குட்டி வலது பக்கம் புதுசா பாக்கற மாதிரி மிரளும்.

ஒரு தடவைக்கு 10 நிமிஷம் போதும், நாளைக்கு ரெண்டு தடவை. நல்லா வருதேன்னு நீட்டாதீங்க, சோர்ந்த குட்டி தப்பு பண்ணும், அந்த தப்போட அன்னைக்கு முடியும்.

வாலைத் தூக்க விடற வரைக்கும் வந்தாச்சுன்னா இப்ப தெர்மாமீட்டர் எடுங்க, தாடை எலும்புக்கு அடியில நாடியும் பாத்து நோட்டுல எழுதுங்க.

7. ஹால்டர்

முதல்ல மூக்குப்பட்டையை மூக்குல வெச்சு எடுங்க, மாட்டாதீங்க. அது தானா மூக்கை நுழைக்கற வரைக்கும் இதே. கன்ன எலும்புக்கு ரெண்டு விரல் கீழ பட்டை இருக்கணும், அதைவிட கீழ இறங்கினா மூக்கெலும்போட மெல்லிசான நுனில அழுத்தி மூச்சு முட்டும். பட்டைக்குள்ள ரெண்டு விரல் சுலபமா நுழையணும்.

வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க. பின்னங்காலால காதை சொறியறப்ப குளம்பு ஹால்டர்ல மாட்டி கழுத்து முறிஞ்ச குட்டிங்க உண்டு. வாரம் ஒரு தடவை அளவு பாருங்க, தலை நாம நினைக்கறதைவிட வேகமா வளரும்.

8. கூட நடக்கறது

கயிறை கையில சுத்திக்காதீங்க, மடிச்சு பிடிங்க. சுத்தினா குட்டி ஓடறப்ப விரல் அதோட போயிடும்.

நேரா முன்னாடி இழுத்தா எந்தக் குட்டியும் பின்னாடிதான் இழுக்கும், நாலு காலையும் ஊன்றி நிக்க அதுக்கு வசதி. பக்கவாட்டுல 45 டிகிரிக்கு லேசா இறுக்கிப் பிடிங்க, வெட்டி இழுக்கக்கூடாது, பிடிச்சுக்கிட்டே காத்திருங்க. சமநிலை தவறி ஒரு காலை எடுத்து வைக்கும், அந்த நொடியில கயிறை முழுசா விடுங்க. ஒரு காலடிக்கு ஒரு விடுதல். பத்து தடவைக்குள்ள பெரும்பாலான குட்டி புரிஞ்சுக்கும். ஒரு அடி வெச்சதும் "வருது வருது"ன்னு தொடர்ந்து இழுத்தா, வந்தாலும் அழுத்தம் போகலன்னு புரிஞ்சு அடுத்த தடவை உறைஞ்சு நின்னுடும்.

நடக்க வந்ததும் நிக்கறது, பின்னாடி ரெண்டு அடி போறது, பின்பக்கத்தை உங்களை விட்டு நகர்த்தறது, இந்த மூணையும் சொல்லிக்குடுங்க. இதுல கடைசியா சொன்னது உங்க உயிருக்கு. திமிறற குட்டியோட பின்பக்கத்தை தள்ளி வைக்கத் தெரிஞ்சா உதை உங்க பக்கம் வராது.

9. குளம்பு தூக்கறது

கூட நடக்கவும் நிக்கவும் தெரிஞ்சப்புறம்தான் இது, ஏன்னா காலை குடுக்கறதுன்னா ஓட முடியாம நிக்கறது, குதிரைக்கு அதைவிட பெரிய நம்பிக்கை கிடையாது.

தோள்ல இருந்து கையை கீழ இறக்கிக்கிட்டே வாங்க, குளம்புக்கு மேல லேசா கிள்ளற மாதிரி பிடிங்க, எடையை மாத்தினாலே விட்டுடுங்க. அடுத்து தூக்கி ஒரு விநாடி, கீழ வைங்க. நீங்கதான் கீழ வைக்கணும், அது பிடுங்கிக்க விடக்கூடாது. பிடுங்கினா காலோடவே போங்க, ஒரு நொடி அடங்கினதும் வைங்க. காலை பக்கவாட்டுல இழுக்காதீங்க, உடம்புக்கு அடியிலயே பிடிங்க, வலிச்சா அது எப்படி நிக்கும்.

பின்னங்காலுக்கு இடுப்பை ஒட்டி நில்லுங்க, ஒரு கை இடுப்பு மேல இருக்கட்டும். தள்ளி நிக்கறது பாதுகாப்புன்னு தோணும், உண்மையில உதையோட முழு வேகம் வர்றது அந்த தூரத்துலதான்.

பிறகு கொக்கியால குதிகால்ல இருந்து நுனிப்பக்கமா சுத்தம் பண்ணுங்க. நடுவுல முக்கோணமா மெத்துனு இருக்கற பகுதியோட ரெண்டு பக்கப் பள்ளத்துலயும் கறுப்பா நாத்தம் அடிச்சா தரை ஈரம்னு அர்த்தம், படுக்கையை மாத்துங்க. 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை வெட்டற ஆள் வரணும், சின்னக் குட்டிக்கு அடிக்கடி, ஏன்னா கால் கோணலை சின்ன வயசுலதான் வெட்டி சரி பண்ண முடியும். அவர் வர்றதுக்கு முந்தின வாரம் அரத்தோட மரக் கைப்பிடியால குளம்புல தட்டிப் பழக்குங்க.

10. கட்டிப் போடறது

அழுத்தத்துக்கு இணங்கத் தெரியாத குட்டியை கட்டினா தலை பின்னாடி இழுபட்டதும் மிரண்டு முழு பலத்தோட இழுக்கும், கழுத்து எலும்பு போகும், இல்ல கயிறு அறுந்து இழுத்தா விடுதலைன்னு வாழ்நாளுக்கும் பதியும்.

முதல்ல கயிறை வளையத்துல ஒரு சுத்து மட்டும் விட்டு நுனியை நீங்க பிடிச்சுக்கங்க. பின்னாடி போனா கயிறு வழுக்கி வரட்டும், நின்னா தளர்த்துங்க. பல நாள் இப்படி. அப்புறம் உருவினா அவிழற முடிச்சு, முதுகு மேட்டு உயரத்துல, கை நீளத்துக்கு கயிறு, பக்கத்துல ஆள். அதைவிட தாழ்வா, நீளமா கட்டினா கால் கயிறுக்குள்ள போயிடும்.

11. கடிக்கறது

கையில தின்பண்டம் குடுக்கற வீட்டுல குட்டி கண்டிப்பா கடிக்கும். வாளியில போடுங்க. கடிக்க வந்தா அந்த ஒரு விநாடிக்குள்ள சத்தமா ஒரு வார்த்தை, உடனே நாலு அடி பின்னாடி நடத்துங்க, அதோட மறந்துடுங்க. மூணு விநாடி கழிச்சு கோவப்பட்டா எதுக்குன்னு அதுக்கு தெரியாது. மூக்குல அடிக்காதீங்க, ஆண் குட்டிக்கு அது விளையாட்டா ஆகும், சில குட்டி தலையைத் தொட விடாம போகும்.

12. பயம்

பிளாஸ்டிக் ஷீட், குடை, வண்டி எதுவா இருந்தாலும் அது எந்த தூரத்துல காதை நிமித்தி நிக்குதோ அங்கயே நில்லுங்க. மூச்சு விட்டு தலையை இறக்கினதும் திரும்பி விலகிப் போங்க, மறுபடி வாங்க, ஒவ்வொரு தடவையும் தூரம் தானா குறையும். கட்டி வெச்சு மேல ஷீட்டை போட்டு அடங்கற வரைக்கும் விடறது ஒரு வழின்னு சொல்வாங்க, அங்க குட்டி பழகறது இல்ல, இனி தப்ப முடியாதுன்னு முயற்சியை கைவிட்டுடுது, ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். தாடை அசையுதா, காது திரும்புதான்னு பாத்தா வித்தியாசம் தெரியும்.

நிதானமான பெரிய குதிரையை முன்னாடி நடக்க விட்டா பாதி வேலை முடிஞ்சுது. வண்டியில ஏத்தறதையும் இப்படியே, போக வேண்டிய நாளுக்கு பல வாரம் முன்னாடி ஆரம்பிங்க.

13. சேணத்துக்கு எப்போ

கால் நீளமா வளர்ந்ததும் குதிரை தயார்னு தோணும். கணுக்கால் பக்கத்து எலும்புங்க ஒரு வயசுக்குள்ள வளர்ச்சி முடிச்சுடும், முன்னங்கால் முட்டிக்கு மேல உள்ளது ரெண்டு, ரெண்டரை வயசு ஆகும், முதுகெலும்பு 5 வயசு தாண்டித்தான். நாம உக்காரறது முதுகுல. அதனால நான் மூணரை, நாலு வயசுக்கு முன்னாடி ஏறறது இல்ல, ஏறினாலும் லேசான ஆள், சில நிமிஷம், நடை மட்டும். கயிறுல கட்டி சின்ன வட்டமா சுத்த விடறதையும் குறைச்சுக்கங்க, ஒரே பக்கமா வளைஞ்சு ஓடறது வளர்ற மூட்டுக்கு ஆகாது.

கடிவாளம் வாயில வைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பல்லை காட்டுங்க. கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி சின்னதா ஒரு பல் சில குட்டிக்கு முளைக்கும், கடிவாளம் அதுல இடிச்சா வலிக்கும், தலையை ஆட்டும், திமிர்னு நினைச்சு அடிப்பாங்க. ரெண்டரையில இருந்து நாலரை வயசுக்குள்ள பால்பல்லும் விழுந்துக்கிட்டு இருக்கும், ஈறு புண்ணா இருக்கற வாரம் கடிவாளம் வேண்டாம்.

வரிசை இதுதான்: முதுகுல மடிச்ச துணி, அப்புறம் வயித்தை சுத்திக் கட்டற வார் மட்டும் தளர்வா, அப்புறம் சேணம், அங்கவடி (ஏறறவர் கால் வைக்கற வளையம்) விலாவுல ஆடி இடிக்கறது பழகற வரைக்கும் பல நாள் நடை, அப்புறம் பின்னாடி நின்னு நீண்ட கயிறுல திருப்பறது, நிறுத்தறது. ஏறாமலே நிக்கவும் திரும்பவும் தெரிஞ்சாச்சுன்னா, ஒருத்தர் தலைகிட்ட நிக்க நீங்க அதோட முதுகு மேல குறுக்கால உங்க வயித்தை வெச்சு சாயுங்க. அது ஒரு காதை உங்க பக்கம் திருப்பி நிதானமா நின்னா இறங்கிடுங்க, சேணத்தை அவுத்து மேய விடுங்க, ஏறி உக்காரறது நாளைக்கு.